பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு நாலு ரவுண்டு ஓட்டம்? நம் கரையில் கால்பந்து சொல்லிக்கொடுப்பவர்கள் வாருங்கள்

மண்டபம்_கரை

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கடற்கரையில் மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை முப்பத்துநான்கு பேர் வருகிறார்கள். பாதிப் பேருடைய அப்பாக்கள் விசைப்படகில் போகிறவர்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாக்களும் வந்து கரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த இரண்டு மாதமும் எனக்குப் பரீட்சை மாதிரி.

எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியேதான் நானும் ஆரம்பித்தேன். விசில், நாலு ரவுண்டு ஓட்டம், கை கால் வீசுதல். அப்புறம் ஒரே கோலுக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று ஒவ்வொருவராக ஒரு ஷாட். கடைசிப் பத்து நிமிடம் பதினேழுக்குப் பதினேழு ஆட்டம்.

போன வருடம் பங்குனியில் எனக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. நண்பர் ஒருவர் பயிற்சியைப் பார்த்துக்கொண்டார். நான் கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். வேலை இல்லாததால் ஒரு ஒன்பது வயதுப் பையனை மட்டும் பார்த்து, எத்தனை தடவை பந்தைத் தொடுகிறான் என்று எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் பதினோரு தடவை. மீதி நேரமெல்லாம் வரிசையில் நின்று கால் கட்டைவிரலால் மண்ணில் மீன் வரைந்துகொண்டிருந்தான்.

பயிற்சி முடிந்தது. அதே பையன் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு இரண்டு வள்ளங்களுக்கு நடுவில் இருந்த சந்தில் ஆட ஆரம்பித்தான். ஒரு பிளாஸ்டிக் பந்து, நாலு செருப்பு, அவ்வளவுதான் சாமான். இந்த முறை என்னால் எண்ண முடியவில்லை, அத்தனை தொடுதல். இருட்டும் வரை ஆடினார்கள். நான் ஒரு வருடமாகச் சொல்லியும் வராத திரும்புதலை அந்தச் சந்தில் தானாகச் செய்தான். வள்ளத்தில் இடிக்காமல் இருக்க வேண்டும், அதற்காகத் திரும்பினான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வருடமாக அந்தப் பிள்ளையின் நேரத்தை வீணாக்கியிருக்கிறேன் என்றுதான் தோன்றியது.

இப்போது முறையை மாற்றிவிட்டேன். வந்தவுடன் ஆளுக்கொரு பந்து. பந்து இல்லாவிட்டால் இருவருக்கு ஒன்று. அப்புறம் மூன்றுக்கு மூன்று, நாலுக்கு நாலு என்று நாலைந்து சின்ன ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். கோலுக்குப் பனைமட்டை, வலைக்குக் கிழிந்த நண்டு வலை, கோனுக்குப் பதில் உடைந்த வலை மிதவைகள். தனியாக ஓட்டம் கிடையாது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வருகிறார்கள்.

ஆனால் அப்பாக்கள் கேட்கிறார்கள்: "தம்பி, இது விளையாட்டு. பயிற்சி எப்போது?" அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? உங்கள் ஊர்களில் எப்படிச் செய்கிறீர்கள்?

பழைய_ஸ்டாப்பர்

தம்பி, நீ நல்ல மனதோடு செய்கிறாய். ஆனால் அப்பாக்கள் கேட்பதுதான் நியாயம்.

நான் தொண்டிக்காரன். மதுரையிலும் திருச்சியிலும் லீக் ஆடியிருக்கிறேன், இருபது வருடம் ஸ்டாப்பர் பேக், அதாவது நம் கோலுக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுப்பவன். எங்கள் வாத்தியார் விடிகாலை நாலரை மணிக்கு எழுப்பி, முழங்கால் வரை புதைகிற மணலில் ஓட விடுவார். ஒருவன் தாமதமாக வந்தாலும் எல்லோருக்கும் ரெண்டு ரவுண்டு கூடுதல். அதனால்தான் தொண்ணூறு நிமிடமும் நின்று ஆடினோம். இப்போதைய பையன்கள் நாற்பதாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள்.

அடிப்படை என்று ஒன்று இருக்கிறதே. பாதத்தின் உள்பக்கத்தால் கொடுக்கிற இன்சைடு பாஸ், வருகிற பந்தைக் காலில் நிறுத்துகிற டிராப், தலையால் அடிக்கிற ஹெட்டிங், இதெல்லாம் நூறு தடவை, ஆயிரம் தடவை செய்தால்தான் காலில் ஏறும். சும்மா விட்டால் பிள்ளை ஆடும், சரி. ஆட்டக்காரன் ஆவானா?

மண்டபம்_கரை

அண்ணே, உங்கள் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள்.

என் தாத்தா எனக்கு வீச்சுவலை எறியச் சொல்லிக்கொடுத்தார். முழங்கையில் கொஞ்சம், தோளில் கொஞ்சம், இடுப்பளவு தண்ணீரில் நின்று எறிய வேண்டும். ஒரு நாளும் கரையில் வரிசையில் நிறுத்தி "கையை இப்படி வை, இப்படி வீசு" என்று நூறு தடவை செய்யச் சொன்னதில்லை. தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். காற்று ஒரு நாள் கொண்டல், ஒரு நாள் வாடை. அலை வேறு, மீன் நிற்கும் இடம் வேறு. ஆயிரம் தடவை எறிந்திருப்பேன், நீங்கள் சொல்கிற அதே ஆயிரம்தான். ஆனால் ஒரு வீச்சு மாதிரி இன்னொன்று இருந்ததில்லை. வலை மட்டும் ஒவ்வொரு தடவையும் வட்டமாக விழ வேண்டும்.

இதையே பெர்ன்ஸ்டைன் என்ற சோவியத் விஞ்ஞானி 1920களில் சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களைப் படம் பிடித்துப் பார்த்துச் சொன்னார். கைதேர்ந்த ஆளின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுகிறது. ஆனால் கை போகிற வழி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுகிறது. ஆக, பழக்கம் என்றால் ஒரே அசைவை அச்சு மாதிரி திரும்பச் செய்வது இல்லை, ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பத் தீர்ப்பது. வரிசையில் நின்று அடிக்கிற ஷாட்டில் சிக்கலே கிடையாது. எதிராளி இல்லை, யாருக்குக் கொடுப்பது என்ற யோசனை இல்லை. ஆட்டத்தில் கஷ்டமான பகுதியே அதுதானே அண்ணே? காலைவிடக் கண்ணும் முடிவும்தான் முந்துகின்றன.

அப்புறம் நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் 2012இல் சட்டத்தையே மாற்றினார்கள். 7, 8 வயதுக்கு ஐந்துக்கு ஐந்து, 9, 10க்கு ஏழுக்கு ஏழு, 11, 12க்கு ஒன்பதுக்கு ஒன்பது. 13 வயதுப் பிரிவில்தான் பதினொன்று என்று அப்போது வைத்தார்கள். ஜெர்மனியில் 2024–25 பருவத்திலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று ஆட்டங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். 2014இல் உலகக் கோப்பை வாங்கி, 2018லும் 2022லும் முதல் சுற்றிலேயே வெளியேறிய நாடு. தனியாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஒருவனைத் தாண்டிப் போகிற ஆட்டக்காரர்கள் குறைந்துவிட்டார்கள் என்ற கவலை அவர்களுக்கு. எங்கே போய்த் தீர்வு தேடினார்கள் பாருங்கள், ஆறு வயதுப் பிள்ளையிடம்.

நான் அதிகம் ஆடவிடுவது ஹோர்ஸ்ட் வைன் என்ற ஜெர்மன் பயிற்சியாளர் உருவாக்கிய முறை, ஃபுனினோ என்று பெயர். மூன்றுக்கு மூன்று, சுமார் 30 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். ஒவ்வொரு பக்கமும் ஓரங்களில் இரண்டிரண்டு சின்ன கோல், ஆக நாலு. கோலுக்கு 6 மீட்டருக்குள் வந்த பிறகுதான் அடிக்கலாம். ஒரு கோலை அடைத்துவிட்டால் பிள்ளை தலையைத் தூக்கி இன்னொரு கோலைப் பார்த்தே ஆக வேண்டும். "தலையைத் தூக்குடா" என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வேலையை நாலு பனைமட்டை செய்கிறது.

ஓட்டம் பற்றி: மூன்றுக்கு மூன்றில் ஒருவன் ஓய்ந்து நின்றால் அணியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் நிற்கவே மாட்டான். மூச்சு வாங்க ஓடுகிறான், பந்தோடு ஓடுகிறான்.

தேவிபட்டினம்_பி.டி

இருவரும் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பங்கு இருக்கிறது. கடற்கரையோர அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர் நான். ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள், மூன்று பந்து, ஒரு பீரியட் நாற்பது நிமிடம். வரிசையில் நிறுத்துவது எனக்குப் பிடித்துச் செய்வது இல்லை. அறுபது பேரைச் சமாளிக்க அதுதான் வழி என்று நினைத்துச் செய்தது. இந்த வாரம் வகுப்பை ஆறு ஆறு பேராகப் பிரித்து, சாக்குத்துணியைச் சுருட்டிச் சணலால் கட்டிய பந்துகளைக் கொடுத்துப் பார்த்தேன். சத்தம் அதிகம். பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது. ஆனால் சும்மா நின்றவன் ஒருவனும் இல்லை.

நான் பேச வந்தது வேறு. தேர்வு.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு போட்டிக்கு அணி எடுத்தேன். பன்னிரண்டு வயதில் ஒரு பையன், ஒல்லிக்குச்சி, குட்டை. பந்து காலில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தோளால் ஒரு இடி இடித்தால் விழுந்துவிடுவான். அவனை விட்டுவிட்டு உயரமான இரண்டு பேரை எடுத்தேன். கோப்பையும் வந்தது. அந்தப் பையன் மறுநாளிலிருந்து கிரவுண்டுக்கு வரவில்லை. பதினேழு வயதில் அவனைப் பாம்பனில் பார்த்தேன், என்னைவிட உயரம். "இன்னும் ஆடுறியாடா?" என்றேன். "இல்ல சார், அப்பவே விட்டுட்டேன்" என்றான். நான் எடுத்த அந்த உயரமான இருவரும் பதினைந்து வயதோடு வளர்ச்சி நின்று சாதாரண ஆட்டக்காரர்களாகிவிட்டார்கள். அவன் முகம் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1ஐக் கணக்கு வைக்கும் இடங்களில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் பதினோரு மாதம் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம்! 1985இல் கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதத்தை ஆராய்ந்து, வருட ஆரம்பத்தில் பிறந்தவர்களே குவிந்திருப்பதைக் கண்டார்கள். கால்பந்திலும் நாடு நாடாக அதேதான். திறமை என்று நினைத்து நாம் பல நேரம் பிறந்த தேதியைத்தான் தேர்வு செய்கிறோம். நம் பக்கம் பள்ளியில் சேர்க்கும்போது தோராயமாக எழுதிய தேதிகளும் உண்டு. அந்தக் குழப்பம் தனி.

வேண்டுமென்றே வயதைக் குறைத்து ஆட வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு போட்டியில் பதின்மூன்று வயதுப் பிரிவில் மீசை முளைத்த பையன் எங்கள் பிள்ளையின் கணுக்காலை உடைத்தான். பெரிய போட்டிகளில் இதைப் பிடிக்க மணிக்கட்டு எலும்பை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். நம் ஊர் எழுவர் ஆட்டங்களில் அதெல்லாம் ஏது?

வெளிநாட்டு அகாடமிகள் சிலவற்றில் வயதை விட்டுவிட்டு, உடல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்து அவ்வப்போது பிள்ளைகளைக் கலந்து ஆட விடுகிறார்கள். அது நமக்கும் முடியும். வாரம் ஒரு நாள் உயரத்தை வைத்துப் பிரித்து ஆட விட்டால் போதும். சீக்கிரம் வளர்ந்தவன் முதல் முறையாக மூளையை வைத்து ஆடுவான். குட்டையன் முதல் முறையாக விழாமல் ஆடுவான்.

உச்சிப்புளி_பிசியோ

பி.டி. சார் எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் பிசியோதெரபிஸ்ட். மாதம் நாலைந்து பிள்ளைகளாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வீங்கிப்போய், அல்லது குதிகாலை ஊன்ற முடியாமல் வருகிறார்கள். பெற்றோர் "சுளுக்கு" என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டுக் கூட்டி வருவார்கள்.

அது சுளுக்கு இல்லை. எலும்பு வேகமாக வளரும் வயதில், தசைநார் ஒட்டியிருக்கிற இடத்தில் இன்னும் கெட்டிப்படாத எலும்பு இழுபடுகிறது. குதிகாலில் வந்தால் பெரும்பாலும் பத்து, பதினோரு வயதை ஒட்டி. முழங்காலில் வந்தால் அதற்கு ஒன்றிரண்டு வருடம் தள்ளி. பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சியின் உச்சம் 12 வயதை ஒட்டி, பையன்களுக்கு 14ஐ ஒட்டி வரும். அந்த நேரத்தில் புதைமணலில் ஓட விடுவதும் தவளைத்தாவல் வைப்பதும் வலியைக் கூட்டிவிடும். ஸ்டாப்பர் அண்ணன் தப்பாக நினைக்க வேண்டாம், நீங்கள் தாங்கினீர்கள். தாங்காமல் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் நிறுத்தி உயரத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள், அது போதும். ஒரு பிள்ளை திடீரென்று நெடுநெடுவென வளர்கிறது என்றால் அந்த மாதங்களில் குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் குறையுங்கள். அப்போது பந்தும் சரியாக வராது, தடுமாறும். கைகால் நீண்டுவிட்டது, மூளை இன்னும் பழைய அளவையே வைத்திருக்கிறது. "ஆட்டம் போச்சு" என்று அந்தப் பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.

தம்பி, ஓட்டத்தை எடுத்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் உடலைத் தயார் செய்யும் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஃபிஃபா 11 ப்ளஸ் கிட்ஸ் என்று ஒரு பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. ஏழு பயிற்சிகள், பதினைந்து இருபது நிமிடம், பந்தைத் தவிர சாமான் எதுவும் வேண்டாம். ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்குவது, கையை ஊன்றி உடலைப் பலகை மாதிரி நிறுத்துவது, விழுந்தால் உருள்வது. நாலு ஐரோப்பிய நாடுகளில் கிட்டத்தட்ட நாலாயிரம் பிள்ளைகளிடம் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் காயங்கள் 48 சதவீதம் குறைந்தன. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பருவ வயதுக்குப் பின் முழங்கால் தசைநார் கிழிவது அவர்களுக்குத்தான் கூடுதல்.

ஹெட்டிங் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2015இல் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஹெட்டிங்கையே நிறுத்தினார்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 2020இல் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தடை. அதற்கு முந்தைய வருடம் கிளாஸ்கோவில் வந்த ஆய்வு, ஸ்காட்லாந்தின் பழைய தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளைத்தேய்வு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்றது. பலூனை வைத்தோ லேசான பீச் பந்தை வைத்தோ நேரம் கணிக்கப் பழக்கலாம். நனைந்து கனத்த பந்தைப் பத்து வயதுத் தலையில் போடாதீர்கள்.

தங்கச்சிமடம்_அம்மா

வணக்கம். எனக்குக் கால்பந்து தெரியாது. என் மகளுக்குத் தெரியும், பதினோரு வயது. நான் பாசி எடுக்கப் போகிறவள். கடலுக்குப் போகாத நாளில் அவள் ஆடுவதைப் பார்ப்பேன். பையன்களைத் தாண்டி ஓடும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

இங்கே எல்லோரும் எத்தனை பேர், எத்தனை கோல் என்று பேசுகிறீர்கள். என் கேள்வி வேறு. பக்கத்தில் கழிப்பறை கிடையாது. சட்டை மாற்ற மறைவு கிடையாது. "பொட்டப்பிள்ளை வயசுக்கு வரப்போகுது, இன்னும் கால்சட்டை போட்டுக்கிட்டு" என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். பயிற்சி ஏழு மணிக்கு முடிந்தால் இருட்டில் அவள் தனியாக வர வேண்டும். இதற்கு யாராவது பதில் சொன்னால்தான் அடுத்த வருடமும் அவள் வருவாள்.

மண்டபம்_கரை

அக்கா, மூன்று வருடத்தில் என்னிடம் வந்த பெண் பிள்ளைகள் ஒன்பது பேர், இப்போது இருப்பது நாலு பேர். ஏன் குறைந்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. ஆட்டத்தில் ஆர்வம் போய்விட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு இரண்டு வீடுகளுக்குப் போய்க் கேட்டேன். நீங்கள் சொன்னதேதான் காரணம்.

உடனே முடிந்ததைச் செய்கிறேன். பெண் பிள்ளைகள் இருக்கிற நாட்களில் ஐந்தரைக்கு முடித்துவிடலாம். கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் பேசியிருக்கிறேன், கழிப்பறையைப் பயன்படுத்தச் சம்மதித்தார்கள். முழு நீளக் கால்சட்டை, லெக்கிங்ஸ், எது வசதியோ அதைப் போட்டு ஆடலாம். பன்னிரண்டு வரை பையன்களோடு கலந்து ஆடட்டும், அவளுக்கும் நல்லது, பையன்களுக்கும் நல்லது. இன்னும் ஒன்று, நீங்கள் வரும் நாளில் கூட இருக்க முடியுமா? ஒரு அம்மா கரையில் உட்கார்ந்திருந்தால் இன்னும் நாலு அம்மாக்கள் அனுப்புவார்கள்.

சொந்தக்காரர்களிடம் இந்துமதியைச் சொல்லுங்கள், சந்தியாவைச் சொல்லுங்கள். இருவருமே கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள், இந்தியாவுக்கு ஆடியவர்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் மணிப்பூரைத் தோற்கடித்துத் தேசியக் கோப்பையை வாங்கியது.

கீழக்கரை_துபாய்

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நாங்கள் ஆறேழு பேர் காசு சேர்த்து வைத்திருக்கிறோம். பெயர் போட்ட ஜெர்சி ஐம்பது செட்டும், பெரிய கோப்பையோடு ஒரு எழுவர் டோர்னமெண்டும் என்று யோசித்தோம். இப்போது குழப்பமாக இருக்கிறது தம்பி. எது உருப்படியாக இருக்கும், சொல்லுங்கள்.

கன்னியாகுமரிப் பக்கம் தூத்தூர்க் கரையிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள்! மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை ஆடினார், அவரும் மீனவ கிராமத்துப் பிள்ளைதான். நம் கரையில் ஏன் வரவில்லை என்பதுதான் எனக்குள்ள வருத்தம்.

மண்டபம்_கரை

வ அலைக்கும் ஸலாம் பாய். கேட்டதற்கு நன்றி, ஒளிக்காமல் சொல்கிறேன். ஜெர்சி வேண்டாம், பந்து வாங்கிக் கொடுங்கள். அதுவும் எல்லாம் 5ஆம் நம்பர் வேண்டாம். எட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு 3, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 4. 5ஆம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம் எடை. அதை எட்டு வயதுப் பிள்ளை உதைத்தால் உடம்பு முழுவதையும் வீசித்தான் உதைக்கும். 4ஆம் நம்பர் 350 முதல் 390 கிராம். பாஸ் சரியாகப் போகும். எழும்பாத ஃபுட்சால் பந்து நாலைந்து கிடைத்தால் இன்னும் நல்லது. ஆடிக்காற்றில் நம் கரையில் தூக்கி அடித்த பந்து எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. தரையோடு ஆடப் பழகுவதற்கு அந்தக் காற்றுக் காலம்தான் நல்ல காலம்.

அப்புறம், முடிந்தால் ஊருக்கு ஒருவரை, ஒரு பையனையும் ஒரு பெண்ணையும், பயிற்சியாளர்களுக்கான ஆரம்பச் சான்றிதழான டி லைசென்ஸ் படிக்க அனுப்புங்கள். பதினெட்டு வயது முடிந்திருந்தால் போகலாம். ஐஸ்லாந்து 2016இல் ஐரோப்பியக் கோப்பை காலிறுதி வரை போனது. அப்போது அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை மூன்றரை லட்சத்துக்கும் குறைவு, நம் மாவட்டத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான். அவர்கள் உள்ளரங்கு மைதானமும் கட்டினார்கள், அது நமக்கு முடியாது. ஆனால் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவரும் படித்த பயிற்சியாளராக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள், அது நமக்கு முடியும்.

பழைய_ஸ்டாப்பர்

எல்லாவற்றையும் படித்தேன். பிசியோ தங்கச்சி சொன்னது மனதில் தைத்தது. எங்களோடு ஓடிய ஒருவன், என்னைவிட நல்ல ஆட்டக்காரன், பதினான்கு வயதில் முழங்கால் வீங்கி நின்றுவிட்டான். "சோம்பேறி" என்று நாங்கள் எல்லோரும் பேசினோம். இன்றும் ஊரில்தான் இருக்கிறான். நேற்று அவனைப் பார்த்து இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

ஆனால் இரண்டு விஷயத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்று, சுவர். ஒரு பிள்ளை ஒரு பந்தோடு ஒரு சுவருக்கு முன்னால் தனியாக நின்று இடது காலால் இருநூறு தடவை அடித்தால் அதில் பலன் இருக்கிறது. அதை நீ இல்லை என்று சொல்லாதே. இரண்டு, தோல்வி. வெற்றி தோல்வியே இல்லாமல் வளர்த்தால் நாளைக்கு வெளியூர் போய் நாலு கோல் வாங்கினால் உடைந்துபோவான்.

மண்டபம்_கரை

சுவரில் எனக்கும் மறுப்பே இல்லை அண்ணே. வீட்டில் செய்யட்டும், பிடித்துச் செய்யட்டும். முப்பத்துநான்கு பேர் கூடியிருக்கிற ஒரு மணி நேரத்தை அதில் செலவழிக்க வேண்டாம் என்கிறேன். கூட்டமாக இருந்தால்தான் முடிகிற வேலையைக் கூட்டத்தில் செய்வோம்.

தோல்வியில் மட்டும் உங்களோடு மல்லுக்கட்டுவேன். மூன்றுக்கு மூன்றில் ஒரு மணி நேரத்தில் ஆறு ஆட்டம், அதில் இரண்டு மூன்று தோல்வி. தினமும் தோற்கிறார்கள், ஐந்து நிமிடத்தில் அடுத்த ஆட்டம் வந்துவிடும். நான் வேண்டாம் என்பது பட்டியலும் கோப்பையும்தான். நார்வேயில் 11 வயதுக்குள் தரவரிசைப் பட்டியலே கிடையாது. அந்த நாட்டிலிருந்துதான் கோல் அடிப்பதில் பெயர்பெற்ற எர்லிங் ஹாலண்ட் வந்தார். பிள்ளை எப்படியும் கோலை எண்ணும், ஜெயிக்கத்தான் ஆடும். கோப்பை வந்துவிட்டால் எண்ண ஆரம்பிப்பது நாம். நாம் எண்ண ஆரம்பித்தால் குட்டையன் உட்காருவான், கோல்கீப்பர் பந்தைத் தூக்கி முன்னால் அடிப்பார், உயரமானவன் ஓடி கோல் போடுவான். அப்புறம் பி.டி. சார் எழுதிய கதைதான்.

போன மாதம் எனக்கே அது நடந்தது. பக்கத்து ஊரோடு நட்பு ஆட்டம், இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். என்னையறியாமல் "அடி, அடி, தூக்கி அடி" என்று கத்தினேன். பத்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று பந்தை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. "சார், நீங்கதானே பாத்துக் குடுன்னு சொன்னீங்க?" என்றது. அன்றிலிருந்து ஆட்டம் நடக்கும்போது வாயைத் திறப்பதில்லை. இடைவேளையில் மட்டும், அதுவும் கேள்வியாக. "பந்து வருவதற்கு முன்னால் என்ன பார்த்தாய்?" அவ்வளவுதான். முதலில் பேந்தப் பேந்த விழித்தார்கள். இப்போது அவர்கள் சொல்லும் பதிலில் நானே படிக்கிறேன்.

கீழக்கரை_துபாய்

தம்பி, எங்கள் ஆட்களிடம் பேசிவிட்டேன். 4ஆம் நம்பர் பந்து நாற்பது, 3ஆம் நம்பர் இருபது, ஃபுட்சால் பந்து பத்து. லைசென்ஸுக்கு இரண்டு பேர் செலவு எங்களுடையது. அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதில் எங்கள் லாத்தா (அக்கா) உறுதியாக இருக்கிறார். டோர்னமெண்டை விட்டுவிட்டோம். அதற்குப் பதில் பெரியபட்டினம், ஏர்வாடி, மண்டபம் பிள்ளைகளை ஒரு நாள் ஒன்றாகக் கூட்டிக் கலந்து ஆட விட்டு, மதியம் சோறு போடலாமா? நோன்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்வோம்.

உச்சிப்புளி_பிசியோ

அன்றைக்கு நான் வந்து எல்லோருடைய உயரத்தையும் அளந்து தருகிறேன். வெயில் ஏறுவதற்கு முன், ஒன்பது மணிக்குள் ஆட்டத்தை முடித்துவிடுங்கள். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் அல்லது நீராகாரம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை. தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

தங்கச்சிமடம்_அம்மா

நான் ஞாயிறு, புதன் வருகிறேன் தம்பி. என்னோடு பாசி எடுக்கும் இரண்டு பேர் அவர்கள் பிள்ளைகளையும் கூட்டி வருகிறார்கள். ஒருத்திக்கு ஆறு வயதுதான், பரவாயில்லையா?

மண்டபம்_கரை

தாராளமாகக் கூட்டி வாருங்கள் அக்கா. 3ஆம் நம்பர் பந்து வரும் வரை அவளுக்கு ரப்பர் பந்து இருக்கிறது. ஒன்று மட்டும், செருப்புப் போட்டுக் கூட்டி வாருங்கள். மேட்டுப்பக்கம் நெருஞ்சியும் கருவேல முள்ளும் இருக்கிறது. நீர் வற்றியபின் ஈர மணலில் கழற்றிக்கொள்ளலாம்.

பழைய_ஸ்டாப்பர்

தம்பி, ஞாயிறு நானும் தொண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன். விசில் கொண்டு வரட்டுமா?

மண்டபம்_கரை

விசில் வேண்டாம் அண்ணே. எட்டுப் பிள்ளைகளை உங்களிடம் விடுகிறேன், இரண்டு ஆட்டம். ஓரத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்து, எத்தனை தடவை பந்தைத் தொடுகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன்.